ஓரப் பொத்தான்

"நான் மாட்டிக்கொண்டேன். தயவுசெய்து என்னை வெளியே எடுங்கள்" என்று படுக்கையறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டபோது, ஆசான் கூடத்தில் மனைவியோடு உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"இங்க பாருங்க, யாரோ பொம்பளை பேசின மாதிரி இல்ல?"

"பக்கத்து வீட்டு டிவி."

"பக்கத்து வீட்டு டிவி நம்ம பெட்ரூம்லயா ஓடுது?"

"செவுரு மெல்லிசு. அப்படித்தான் கேக்கும்."

"நான் மாட்டிக்கொண்டேன்" என்றது குரல், இந்த முறை கொஞ்சம் கண்டிப்பாக.

"சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு வரேன்" என்று எழுந்த ஆசான், பக்கத்து வீட்டுக்குப் போகாமல் நேரே படுக்கையறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார். பதற்றத்தில் மனிதனுக்குத் திசை தெரிவதில்லை.

கட்டிலுக்கு அடியில், பெரிய தட்டு அளவில் கறுப்பாக ஒரு வட்ட இயந்திரம் போர்வையின் நுனியைக் கவ்விக்கொண்டு திணறியது. தானாகத் தரை கூட்டும் சுழலி. அன்று சாயங்காலம்தான் கடையிலிருந்து வாங்கிவந்து, மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்குள் காலால் உள்ளே தள்ளியிருந்தார். தள்ளிய வேகத்தில் கால் ஏதோ பொத்தான்மேல் பட்டிருக்க வேண்டும்.

ஆசான் அவசரமாகக் கைபேசியில் 'சுழலியின் வாயை மூடுவது எப்படி' என்ற கட்டுரையைத் திறந்தார். இணையத்திலுள்ள சுழலி மன்றத்தில் எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கட்டுரை அது. 'மேலே உள்ள இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்திப் பிடியுங்கள். சுழலி ஒருமுறை சிணுங்கிவிட்டு அடங்கும். இதை நான் தினமும் செய்கிறேன்' என்று எழுதியிருந்தது. ஆசான் இரண்டையும் ஒருசேர அழுத்திப் பிடித்தார்.

"ஒலி அளவு உச்சத்தில் வைக்கப்பட்டது!" என்று சுழலி வீடு அதிர அறிவித்தது.

சத்தம்கூடப் பரவாயில்லை, கட்டுரை பொய் சொன்னதுதான் ஆசானை உலுக்கிவிட்டது. ஏனென்றால் அதை எழுதியவரே அவர்தான்.

கதவு தட்டப்பட்டது. "உள்ள யாருங்க அது?"

சுழலியைப் போர்வையில் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "ஆபீஸ் வீடியோம்மா! லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எங்களுக்கு டிரெயினிங்!"

"தயவுசெய்து என்னை வெளியே எடுங்கள்" என்று அவருக்கு அடியிலிருந்து அமுங்கிய குரல் கேட்டது.

"நல்லா இருக்கு டிரெயினிங். முதல்ல அந்தப் பொண்ணை வெளிய எடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி நகர்ந்தாள். நம்பிவிட்டாள் என்று ஆசான் நினைத்துக்கொண்டார். நினைப்பதற்கு யாரும் தடை போட முடியாது.

வீட்டில் அவருக்குப் பெயர் 'இங்க பாருங்க'. மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனத்தில், புகார் தொலைபேசியை எடுக்கும் மூலை நாற்காலி அவருடையது. அங்கே அந்தப் பெயர்கூடக் கிடையாது. இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பவர்கள் நாளெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். "பதறாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க" என்று அவர் சொல்வதை இதுவரை ஒரு ஜீவனும் காதில் போட்டுக்கொண்டதில்லை. உலகத்தில் அவர் பேச்சு எடுபடும் ஒரே இடம் சுழலி மன்றம்தான். அங்கேதான் அவர் ஆசான். அந்தப் பெயருக்காக அவர் எதையும் கொடுப்பார், உண்மையைத் தவிர.

உண்மை என்னவென்றால், இத்தனை வருடமாக அவரிடம் சுழலி இருந்ததே இல்லை.

வாங்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அலமாரி உச்சியில் ஏற்கெனவே ரொட்டி சுடும் மெஷின், முதுகு பிடித்துவிடும் மெஷின், எடையை வாய்விட்டுச் சொல்லி மானத்தை வாங்கும் மெஷின் என்று ஒரு வரிசை தூசி படிந்து தூங்குகிறது. எல்லாம் ஏதோ ஒரு மன்றத்தில் 'எல்லாரும் சொல்றாங்க' என்று வாங்கியவை. கடைசி மெஷின் வந்த அன்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, இனிமே ஒரு மெஷின் இந்த வாசலைத் தாண்டி உள்ள வந்துச்சு, இருக்கறதையெல்லாம் பழைய சாமான் வண்டியில ஏத்திடுவேன். உங்களையும் சேர்த்து."

ஆகவே ஆசான் தினமும் காலையில் துடைப்பத்தால் வீட்டைப் பெருக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சுழலியின் மகிமையைப் பற்றி எழுதுவார். மற்றவர்கள் அரைகுறையாக எழுதியதையெல்லாம் படித்து, பிழை நீக்கி, 'என் நெடுநாள் அனுபவத்தில்' என்று ஆரம்பித்துத் திரும்ப எழுதுவார். அவ்வளவுதான். கேட்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

மன்றத்தில் இரண்டு கட்சிகள். சுழலி முதலில் சுவரோரத்தைக் கூட்டிவிட்டு நடுவுக்கு வரவேண்டும் என்பது ஓரக்கட்சி. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகவேண்டும் என்பது நடுக்கட்சி. இதைத் தீர்மானிக்க இயந்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருப்பதாக எப்போதோ யாரோ எழுதினார். இன்னொருவர் ஆமோதித்தார். ஆசான் அதற்கு நீண்ட விளக்கம் எழுதினார். அதன்பின் பொத்தான் மன்றத்தில் அசைக்க முடியாதபடி நிலைத்துவிட்டது. அதை எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் சண்டை. குடும்பம், குலம், கல்வித்தகுதி எல்லாவற்றையும் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள்.

போன வருடம் 'துடைப்பம்' என்ற பெயரில் ஒரு புது உறுப்பினர் வந்து, 'நேத்துதான் சுழலி வாங்கினேன். அடியில ஓரப் பொத்தானைக் காணோமே? அது பாட்டுக்கு மனசுபோல சுத்துது. பொத்தான் எங்க இருக்குன்னு யாராவது ஒரு படம் போடுங்களேன்' என்று எழுதினார்.

மன்றம் கொதித்து எழுந்தது. துடைப்பம் நடுக்கட்சியின் கைக்கூலி என்றார்கள் ஓரக்கட்சியினர். ஓரக்கட்சியின் உளவாளி என்றார்கள் நடுக்கட்சியினர். வாங்கியது போலி மெஷின் என்பதில் மட்டும் இரு கட்சிகளும் முதன்முறையாகக் கைகோத்தார்கள். 'படம் எதற்கு? மெஷின் வைத்திருப்பவனுக்குத் தெரியும்' என்று ஆசான் எழுதிய ஒற்றை வரிக்கு மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. வாக்கெடுப்பு நடந்தது. துடைப்பத்துக்கு ஆதரவாக ஒரு கைகூட எழவில்லை. வெளியே தள்ளிவிட்டார்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த மன்றத்தில்தான் தலைவர் 'பாட்டரி பெரியப்பா' அந்த அணுகுண்டைப் போட்டார். 'வரும் ஞாயிறு நேரில் சந்திப்போம். அவரவர் சுழலியோடு வரவும். ஆசான் தம் கையால் ஓரப் பொத்தானை அழுத்திக் காட்டுவார்.'

படித்ததும் ஆசானுக்குக் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்கவில்லை.

மறுநாளே கடைக்குப் போனார். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்று பெரிய பலகை தொங்கியது அவர் வயிற்றில் பாலை வார்த்தது. ஞாயிறு காட்டிவிட்டு, திங்கள் திருப்பிவிட்டால் மனைவிக்கும் தெரியாது, மன்றத்துக்கும் தெரியாது. கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண், "பிரிச்சு அடிப்பக்கமெல்லாம் பாத்துட்டு வாங்கறீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இந்த மெஷினைப் பத்தி எனக்கா சொல்றே?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிவந்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் இப்போது தேடிக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கி, சுழலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். சக்கரம் இருந்தது. பிரஷ் இருந்தது. ஒட்டுத்தாள் இருந்தது. பொத்தானைக் காணோம். விரலால் தடவினார். டார்ச் அடித்தார். ஒட்டுத்தாளை நகத்தால் உரித்துக்கூடப் பார்த்தார். உள்ளே வழுவழுவென்று பிளாஸ்டிக்தான் இருந்தது.

ஆசானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை இரவு எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்! பொத்தானின் நிறத்தைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்.

ஒருவேளை இது வேறு மாடலாக இருக்கலாம். யாரிடமாவது கேட்கலாம் என்றால் ஆசானே கேட்க முடியுமா? ஆகவே 'அப்பாவி' என்ற பெயரில் ஒரு புதுக் கணக்கைத் திறந்து, 'ஐயா, ஓரப் பொத்தான் சரியாக எங்கே இருக்கிறது?' என்று பணிவாகக் கேட்டார்.

கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்தார்கள்.

'ஆசான் எழுதியதைப் படி' என்றார் 'நட்டு போல்ட்டு' என்ற உறுப்பினர்.

'படிச்சுட்டேன். அப்பவும் காணோம்' என்று எழுதினார் அப்பாவி.

'ஆசானையே சந்தேகப்படறியா? நீ யாரு?'

'இது அந்தத் துடைப்பம்தான். வேற பேர்ல வந்திருக்கு' என்று கண்டுபிடித்தார் நடுக்கட்சித் தலைவி மையப்புள்ளி.

'ஆசான் எங்கே? ஆசானே வந்து தீர்ப்புச் சொல்லட்டும்!' என்று எல்லாரும் கூவ ஆரம்பித்துவிட்டார்கள். வராவிட்டால் சந்தேகம் வரும். ஆசான் அவசரமாகத் தன் கணக்குக்கு மாறி, 'இப்படிப்பட்டவர்களுக்கு மன்றத்தில் இடமில்லை' என்று எழுதினார். அப்பாவியை வெளியேற்றினார்கள். தன்னைத் தானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, அதற்குக் குவிந்த பாராட்டுகளுக்கு ஒவ்வொன்றாக நன்றியும் சொன்னார்.

பொத்தான் பிரச்சினை இப்படி நிற்க, அடுத்த பிரச்சினை பளபளவென்று மின்னியது. சுழலி புத்தம்புதிதாக இருந்தது. ஆசானுடையதோ பல வருடம் உழைத்ததாக ஊரறிந்த மெஷின். போதாக்குறைக்கு, 'ஓரம் ஓரமாகவே ஓடிய சுழலிக்கு இடப்பக்கத்தில் பிறை போல ஒரு தேய்மானம் விழும். அசலுக்கு அதுவே அடையாளம்' என்று அவரே ஒருமுறை மனம்போன போக்கில் எழுதித் தொலைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை, மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும், பால்கனியில் உட்கார்ந்து உப்புத்தாளால் இடப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே தலையை நிமிர்த்தினால், மறந்துபோன சாவிக்காகத் திரும்பி வந்த மனைவி எதிரே நிற்கிறாள்.

சுழலிதான் முதலில் வாயைத் திறந்தது. "என் இடப்பக்கத்தில் தடை உள்ளது" என்றது.

"இதுதானா அந்த லிஃப்ட்ல மாட்டின பொண்ணு?" என்றாள் மனைவி.

"இது... ஃப்ரெண்டோடது. ரிப்பேர். பாத்துக் குடுன்னு கெஞ்சினான்."

"ஃப்ரெண்டா? உங்களுக்கா?" அவள் நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டாள். அந்த அதிர்ச்சிதான் ஆசானை அதிகம் வதைத்தது. "புது மெஷினை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறதுக்குப் பேர் ரிப்பேரா?"

"தேஞ்சாத்தான் நல்லா ஓடும்."

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தப்பான மருந்துச் சீட்டோடு வருபவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"திங்கக்கிழமை நான் வேலை விட்டு வரும்போது இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா, வண்டி திங்கக்கிழமைதான் நம்ம தெருவுக்கு வரும். ஞாபகம் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை. விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு டியூஷன் சென்டரின் வகுப்பறையைப் பாட்டரி பெரியப்பா பிடித்துவைத்திருந்தார். குட்டை பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள், ஆளுக்கொரு சுழலியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார்கள். மன்றத்தில் ஓரக்கட்சியினரை 'மூளை வறண்ட முண்டங்கள்' என்று எழுதிய மையப்புள்ளி நேரில் பூனைபோல் இருந்தாள். "சார், இந்த ஃபேனுக்கு அடியில உக்காருங்க, காத்து வரும்" என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

ஆசான் ஓரக்கண்ணால் ஒவ்வொரு சுழலியாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் இடப்பக்கம் பிறை போன்ற தேய்மானம். தான் குருட்டாம்போக்கில் எழுதியது நிஜமாகிவிட்டதே! அத்தனை பேரும் அசல் சுழலியோடு வந்திருக்க, தான் மட்டும் உப்புத்தாள் போட்ட திருடனாக நடுவில் உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

அதற்குள் பாட்டரி பெரியப்பா அழைத்துவிட்டார். "ஆசான் வாங்க! பொத்தானை அழுத்திக் காட்டுங்க!"

முன்னால் போய் நின்றார். சுழலியைத் திருப்புவதுபோல் பாவனை செய்தார்.

"அடடா," என்றார் ஆசான், "சார்ஜ் போட மறந்துட்டேன்."

செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் ஒரு சின்ன முணுமுணுப்புகூட எழவில்லை.

"எனக்கும் சார்ஜ் இல்ல சார்" என்றார் நட்டு போல்ட்டு அவசரமாக.

"எனக்குந்தான். நேத்து பூரா ஓட்டினதுல..." என்றாள் மையப்புள்ளி.

"எங்க தெருவுல கரண்ட்டே இல்ல" என்று பின்பெஞ்சில் ஒருவர் எழுந்து நின்றே சொன்னார்.

"அப்ப தலைவர் போட்டுக் காட்டட்டுமே?" என்று யாரோ சொல்ல, பாட்டரி பெரியப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "சபையில பெரியவங்க ஆசான் இருக்கும்போது நான் அழுத்தினா மரியாதையா இருக்குமா?" என்றார். ஆமாம், ஆமாம், மரியாதையாக இருக்காது என்று எல்லாரும் ஏகமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பொத்தான் உண்டு என்பதில் இரு கட்சிகளுக்கும் ஐயமில்லை. இல்லை என்று இனி எவர் சொன்னாலும் விசாரணையின்றி வெளியேற்றப்படுவார். பலத்த கைதட்டலோடு நிறைவேறியது. ஆசானுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். 'ஆசானுக்கு, மன்றத்தின் அன்புடன்' என்று பொறித்திருந்தது. வாங்கும்போது ஆசானின் கண் கலங்கிவிட்டது. கொடுத்தவர்களின் கண்ணும்தான். தப்பித்தோம் என்ற நிம்மதி முகத்தில் வழிய எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரிந்தார்கள்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசான் பெட்டியோடு கடைக்கு ஓடினார். கவுண்ட்டரில் அதே கண்ணாடிப் பெண்.

"திருப்பிக் குடுக்கணும்."

அவள் பெட்டியைப் பிரித்தாள். சுழலியை எடுத்து வைத்தாள். சார்ஜரை எடுத்து வைத்தாள். கையை இன்னும் உள்ளே விட்டு ஒரு வெள்ளிக் கோப்பையை எடுத்தாள்.

"இது எங்க பெட்டியில வராதே சார்?"

மனைவி கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஞாயிறு சாயங்காலம் பெட்டிக்குள் ஒளித்துவைத்த ஆசான், எடுக்க மறந்திருந்தார். கடைப் பெண் கோப்பையைத் திருப்பி, பொறித்திருந்ததை நிதானமாகப் படித்தாள். ஓரமாக வைத்தாள். பிறகு சுழலியின் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கீறல் இருக்கே சார். பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துப்போம். கீறினதை எடுக்க மாட்டோம்."

"அம்மா தாயே, அப்படிச் சொல்லாதே! இது இன்னிக்கு வீட்டுல இருந்தா என்னை வண்டியில ஏத்திடுவாங்க!"

"மெஷின்லயே குறை இருந்தா மட்டும்தான் எடுக்க முடியும். என்ன குறை, சொல்லுங்க?"

ஆசான் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. ஒரு பக்கம் பழைய சாமான் வண்டி, இன்னொரு பக்கம் வெள்ளிக் கோப்பை. தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"அடியில... ஓரப் பொத்தான் இல்லம்மா."

சொல்லிவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் சுழலியைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது.

"சரி சார், எடுத்துக்கறேன்" என்றாள் அவள். திரும்பி, பின்னால் இருந்த அலமாரிக் கதவைத் திறந்தாள். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை சுழலிகள். காலையிலிருந்து திரும்பி வந்தவை. அத்தனையிலும் இடப்பக்கம், உப்புத்தாளால் தேய்த்த பிறை.

அவள் அவருடைய சுழலியையும் வரிசையில் செருகி, கதவைச் சாத்திவிட்டு, கோப்பையை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"எல்லாரும் இதே குறையைத்தான் சொன்னாங்க, ஆசான். போன வருஷம் நான் சொன்னப்போ, 'மெஷின் வச்சிருக்கறவனுக்குத் தெரியும்'னு எழுதி வெளிய தள்ளினீங்களே, அன்னிக்கு அந்த மன்றத்துல மெஷின் வச்சிருந்ததே நான் ஒருத்திதான்."